ஒரு வசைகூட வரவில்லை

பெர்னதெத் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு துறைமுகத்தின் மூன்றாம் வாசலை நோக்கி ஓடினாள். பதினொன்றரை தாண்டிவிட்டது. பன்னிரண்டு ஆனால் உலாவியின் பழைய பதிப்பு அழிந்துவிடும். அதன் பிறகு யார் தலைகீழாக நின்றாலும் அது திரும்பாது.

வாசலில் ஒரே கூட்டம். லாரிக்காரர்கள், சுமைக்காரர்கள், மீன் ஏற்றுமதிக்காரர்கள் எல்லோரும் காற்றைத் தடவிக்கொண்டு நின்றார்கள். இப்போதெல்லாம் உலாவி ஓடுவது கண்ணில் ஒட்டிய விழிப்படலத்தில்தான். கதவானாலும் லிஃப்டானாலும் கிரேனானாலும் கடலோர பஸ்ஸானாலும் அதற்கான பொத்தான் கண் முன்னால் மிதக்கும். விரலால் தொட்டால் வேலை நடக்கும். இந்தக் கதவின் பொத்தான் இத்தனை வருடமும் வலது கைப்பக்கம் மிதந்தது. புதுப் பதிப்பு அதை எங்கேயோ தூக்கி வைத்திருந்தது.

"எனக்கு ஒரு நிலாப் படம்தான் தெரியுது," என்றார் ஒரு லாரிக்காரர்.

"அந்த நிலாதான்யா கதவு."

"நிலாவப் பாத்தா கதவுன்னு எப்படித் தெரியும்? இதச் செஞ்சவன் வீட்டுக்குள்ள எது வழியாப் போவான், கூரையப் பிரிச்சா?"

ஆள் ஆளுக்குத் திட்டினார்கள். அந்த அவசரத்திலும் பெர்னதெத்துக்கு அதைக் கேட்கச் சுகமாக இருந்தது. இத்தனை வாயிலும் வசை இருக்கிறது. அவளுடைய அலுவலகத்துக்கு மட்டும் ஒன்றுகூட வந்து சேரவில்லை.

உலாவிக் கம்பெனியின் எதிர்வினைப் பிரிவில் அவள் மூத்த அதிகாரி. பொத்தான் நகர்ந்தால், நிறம் மாறினால், எழுத்து சிறுத்தால் ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று படிப்பது அந்தப் பிரிவின் வேலை. வேறென்ன சொல்வார்கள், திட்டுவார்கள். பதிப்பு இறங்கும் நாளில் லட்சக்கணக்கில் வந்து கொட்டும். முதல் வசை எதைப் பற்றி என்று சரியாகச் சொல்கிறவருக்கு மற்றவர்கள் வடையும் டீயும் வாங்கித் தர வேண்டும் என்று பிரிவுக்குள் ஒரு பந்தயம்கூட உண்டு. பெரும்பாலும் அந்த முதல் வசை ஒரே ஆளிடமிருந்துதான் வரும். துறைமுகத்துக் கிரேன் ஓட்டுநர் சவேரி. 'பின்செல் பொத்தானை இடம் மாற்றிய மகராசன் வீட்டு உப்பு டப்பாவில் சோப்புத்தூள் நிறையட்டும்' என்று போன பதிப்புக்கு எழுதியிருந்தான். பிரிவே எழுந்து நின்று அதை வாசித்தது.

சவேரி தன் கூடப்பிறந்த தம்பி என்று பெர்னதெத் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் போகவில்லை. அன்று பதிப்பு இறங்கும் நாள். கல்லறைத் தோட்டத்தில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் சவேரி ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அப்டேட் முடிஞ்சுதா?" கையில் எடுத்த மண்ணைக் குழியில் போடாமலே திரும்பி வந்தவள்தான். அதற்குப் பிறகு அவன் கம்பெனிக்கு எழுதும் வசைகளில்தான் அவன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த முறை பதிப்பு இறங்கியது அப்பாவின் நினைவு நாளில். அன்று காலை அவள் அவனுக்கு ஒரு வரி அனுப்பினாள். அனுப்பிய பிறகு மனம் ஒரு நிலையில் இல்லை. சாயங்காலம் பதில் வந்தது: 'வீட்டுக்கு வா அக்கா.'

இப்படி ஒரு பதிலை அவள் எதிர்பார்க்கவே இல்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல், அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்து நாட்களைக் கடத்தினாள்.

அதற்குள் அலுவலகத்தில் விநோதம் தொடங்கிவிட்டது. வந்ததெல்லாம் பாராட்டு. மேலிடத்தில் கேக் வெட்டினார்கள். வசை வராததால் பந்தயத்து வடை யாருக்கும் கிடைக்கவில்லை. இன்று காலைதான் பக்கத்து இருக்கை இசக்கிராஜ் ஒரு செய்தியை அவள் பக்கம் தள்ளினான். 'நிறுத்து பொத்தானின் புதிய இடம் கைக்கு இனிய வியப்பாக அமைந்துள்ளது. நன்றி. சவேரி, கிரேன் ஓட்டுநர்.'

"மேடம், இந்தாளு நன்றின்னு எழுதுத ஆளா?"

அவள் அதை இரண்டு முறை படித்தாள். "இசக்கி, எனக்கு ஒரு வசை அனுப்பு."

"உங்களுக்கா? மனசுல உள்ளத எழுதலாமா?"

"எழுது."

அவன் கொஞ்சம் ஆர்வமாகவே விரலை ஆட்டினான். அவள் கண்ணில் வந்து நின்றது: 'உங்கள் தலைமையில் பணிபுரிவது எனக்கு நிறைவளிக்கிறது.'

"நீ என்ன எழுதினே?"

"அது இப்ப எதுக்கு மேடம்."

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. இதமி. வசை படித்துப் படித்து ஊழியர்கள் நொந்துபோகிறார்களே என்று, வந்து சேரும் கடுஞ்சொல்லை இதமாக மாற்றிக் காட்ட அவர்கள் பிரிவுக்கென்று செய்த செயலி அது. வேண்டுமென்றால் ஒரு தட்டில் மூலத்தைப் பார்த்துக்கொள்ளலாம். புதுப் பதிப்பில் யாரோ அதைத் தூக்கி, அனுப்புகிறவர் பக்கம் பொருத்தியிருக்கிறார்கள். அதுவும் ஊருக்கே. எழுதுகிறவன் கண்ணுக்கு அவன் எழுதியது எழுதியபடியே தெரியும், கிளம்பும்போது மாறிவிடும். போனில் பேசும் குரலும் அப்படித்தான். 'ஆபத்து, பதிப்பை நிறுத்துங்கள்' என்று அவள் பெங்களூரில் இருந்த தலைமைக்கு அனுப்பிப் பார்த்தாள். 'உங்கள் வாழ்த்துக்கு மகிழ்ச்சி' என்று பதில் வந்தது.

மிச்சம் இருந்தது ஒரு வழி. உயிருக்கு ஆபத்து என்று ஒரு பொத்தானை இயக்குகிற பயனரே ஊழியரின் எதிரில் நின்று தன் வாயால் சொன்னால் அது நேர்மொழிப் புகார். உலாவி தொடாத பதிவுச்சில்லில் பிடித்து ஏற்றினால் பதிப்பு தானாகப் பின்வாங்க வேண்டும் என்பது சட்டம். ஊழியர் சொன்னால் செல்லாது. கதவு திறக்கவில்லை, நிலா புரியவில்லை என்பதெல்லாம் வெறும் எரிச்சல், அதுவும் செல்லாது. கிரேனில் நிறுத்து பொத்தான் இடம் மாறியதும், அதை ஓட்டுகிறவனின் கை எங்கே போகிறது என்பதும்தான் உயிர் விஷயம்.

"ஒண்ணு மேடம்," என்றான் இசக்கிராஜ், அவள் எழுந்தபோது. "பதிப்பு பின்வாங்குனா இத்தன நாளும் போன செய்தியெல்லாம் எழுதுனபடியே போய்ச் சேரும். நான் எழுதுனதும் வரும். இப்பவே மன்னிப்பு கேட்டுக்கிடுதேன்."

அப்போது அவள் நினைத்தது அவன் வரியை அல்ல. 'வீட்டுக்கு வா அக்கா.' அதன் அடியில் சவேரி உண்மையில் என்ன எழுதியிருப்பான்?

வாசலில் யாரோ ஒருவர் கடைசியில் நிலாவைத் தொட்டுவிட்டார். கதவு நகர்ந்த இடுக்கில் பெர்னதெத் புகுந்து ஓடினாள்.

நான்காம் கிரேனின் அடியில், தலையில் சிவப்புத் துண்டு கட்டிய ஒருவர் வாயில் விசிலோடு நின்றார். மேலே ஒரு கண்டெய்னர் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"விசில் எதுக்குண்ணே?"

"மேல இருக்கவனுக்குக் கை தப்பிரும்மா. பாக்குறதுக்குக் கீழ ஒரு கண்ணு வேணும்லா. நேத்து எங்காலு போயிருக்கும். ஒரு சாண்ல தப்பிச்சேன்." அவர் பெயர் வேலாயுதம். அதைச் சொல்லும்போதே காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "எல்லாரும் எழுதிப் போட்டோம். கருத்துக்கு நன்றின்னு ஒரு பதிலு. எப்பவும் வாரதுதான."

லிஃப்டில் என்ன படம் வைத்திருக்கிறார்களோ. அவள் இரும்பு ஏணியைப் பிடித்தாள். கீழே பார்க்காமல் ஏறினாள். மூச்சு இரைக்கக் கேபின் கதவைத் தட்டினாள்.

சவேரி கண்டெய்னரைப் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் திரும்பினான். கன்னத்தில் நரை விழுந்திருந்தது. அவன் கத்துவான் என்று அவள் உடம்பை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

"ஏணியிலயா ஏறி வந்த?" என்றான். "கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? உக்காரு மொதல்ல. தண்ணி குடி."

அவன் நீட்டிய பாட்டிலை வாங்கிக்கொண்டாள். குடிக்கத் தோன்றவில்லை. நேரமில்லை என்று இதமியைப் பற்றி நாலு வாக்கியத்தில் சொன்னாள். சவேரி கேட்டுவிட்டுத் தொடையில் அடித்துக்கொண்டான்.

"அப்ப நான் எழுதுனதெல்லாம் உங்காளுவளுக்கு நன்றின்னா போச்சு? ஒரு பக்கத்துக்கு எழுதுனேனே. நல்லா வந்திருந்துச்சு அது."

"அத இப்பச் சொல்லு. வாயால. நிறுத்து பொத்தானப் பத்தி மட்டும்."

அவள் பதிவுச்சில்லை நீட்டினாள். சவேரி தொண்டையைச் செருமினான். "நிறுத்து வலதுபக்கம் இருந்துச்சு. பதினாறு வருசம் என் கை அங்கதான் போச்சு. இப்ப அந்த எடத்துல இறக்கு இருக்கு. நிறுத்தணும்னு தொட்டா பொட்டி எறங்குது. நேத்து வேலாயுதத்து மேல எறங்கப் பாத்துச்சு. நாளைக்கு ஒருத்தன் சாவான். அப்படிச் செத்தான்னா, அந்தப் பொத்தான நகட்டுனவன் தூங்கும்போதெல்லாம் அவன் கட்டிலு எறங்கிக்கிட்டே இருக்கணும், தரையே வராம."

போதும். அவள் சில்லை மூடினாள். ஏற்றுவதற்கு ஒரு தட்டுதான் பாக்கி. ஐந்து நிமிடம் இருந்தது. விரலை வைக்கப் போனவள் நிறுத்தினாள்.

"சவேரி, நீ எனக்கு என்னதான் எழுதின? அன்னைக்குச் சாயங்காலம்?"

"எது, வீட்டுக்கு வான்னா?"

"எனக்கு அப்படித்தான் வந்துச்சு. நிசமா என்ன எழுதின?"

"வீட்டுக்கு வா அக்கான்னுதான் எழுதுனேன். வேற என்ன எழுதுவாவ?" அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீ அப்படி எழுதுன பொறவு நான் என்னத்தத் திட்ட?"

பெர்னதெத் விரலைச் சில்லிலிருந்து எடுத்தாள். "நான் என்ன எழுதினேன்?"

அவன் சிரித்தான். விரலால் காற்றில் எதையோ மெதுவாகப் பெரிதாக்கி வாசித்தான். அதை முன்பே பலமுறை வாசித்தவன் போல, பார்க்காமலே கடைசிச் சொல் வரை போனான்.

"'அன்று நான் வந்திருக்க வேண்டும், தம்பி. அப்பா என்னைத் தேடியிருப்பார். என்னை மன்னித்துவிடு.'" தலையை அசைத்தான். "பாட்டுப் புஸ்தகத்துத் தமிழ்ல எழுதியிருக்கியேன்னு நெனச்சேன். ஆபீசுல இருந்து இருந்து இப்படி ஆயிட்டா போலன்னு வீட்ல சொன்னேன். அவளும் அழுதா. அப்பா படத்துக்கு முன்னால வச்சு ஒருக்கா வாசிச்சேன்."

கீழே விசில் ஊதியது. அடுத்த பெட்டி காத்திருந்தது.

அவன் வரியை இதமி தொடவே இல்லை. அதில் மாற்றுவதற்கு ஒன்றும் இருந்திருக்காது. பெர்னதெத் ஏணி வழியாகக் கீழே பார்த்தாள். சிவப்புத் துண்டு சிறிய புள்ளியாகத் தெரிந்தது; ஒரு சாணில் தப்பிய அந்தக் காலும் அங்கேதான் இருந்தது. நாலு நிமிடம் சும்மா நின்றால் போதும். பதிப்பு நிலைத்துவிடும். கிரேன்களை இப்படியே விசில் வைத்து ஓட்டிக்கொள்வார்கள். அவள் இன்று சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம். அப்பா படத்துக்கு முன்னால் நிற்கலாம்.

சவேரி விசிலுக்கு மறுமொழியாகக் கையைத் தூக்கினான். அவன் கை, பழக்கத்தில், வலது பக்கம் போயிற்று. போய், சட்டென்று சுட்டதுபோல் பின்வாங்கியது.

அவள் தட்டினாள்.

"ஏத்தியாச்சா?" என்றான் சவேரி.

"ஏத்தியாச்சு. கொஞ்ச நேரத்துல பழசு வந்துரும்." அவள் அவன் இடது கையைப் பிடித்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கல்லறைத் தோட்டத்தில் பிடித்திருக்க வேண்டிய கை. "அதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும். என் வாயால. அன்னைக்கு நான் வந்திருக்கணும்டா. அப்பா என்னைத் தேடியிருப்பாரு."

"அதத்தான் எழுதிட்டியே," என்றான் அவன் சிரித்துக்கொண்டே. "மறுபடி எதுக்குச் சொல்லுத?"

"நான் சொல்லுறதக் கேளு. இப்பச் சொல்றதுதான்..."

கீழே வாசல் பக்கம் ஒரு கூச்சல் எழுந்தது. கதவு தெரிகிறது, பழைய இடத்திலேயே தெரிகிறது என்று யாரோ கத்தினார்கள். சவேரியின் கண்ணில் படலம் ஒருமுறை மங்கித் தெளிந்தது. அவன் வலது கை தானாக நீண்டு, நிறுத்து பொத்தானை அதன் பழைய இடத்தில் தொட்டுப் பார்த்துத் திருப்தியாகத் திரும்பியது.

பிறகு அவன் விழிகள் நின்றன. அவன் இன்னும் மூடாமல் வைத்திருந்த அந்த வரி அவன் கண் முன்னாலேயே மாறிக்கொண்டிருந்தது. அவள் பிடித்திருந்த கை குளிர்ந்தது. அவன் உதடுகள் ஒவ்வொரு சொல்லாக, முதல் முறையாக, வாசித்தன.

'அப்பாவோட நீயும் செத்துட்டதா வச்சுக்கிட்டேன். எனக்குத் தம்பி இல்ல.'