மாடியில் இன்னொரு போன்

ஸ்கேன் படம் பாதி போயிருக்கும், மறுபடியும் அந்தச் சத்தம் கேட்டது. ‘டொக்.’ எங்கேயோ யாரோ போன் ரிசீவரைத் தூக்கினால் கேட்குமே, அதே சத்தம், மோடத்துக்குள்ளிருந்து. மோடத்தின் பச்சை விளக்கு அணைந்தது. ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது’ என்று கம்ப்யூட்டர் கூசாமல் சொன்னது.

“சனியனே, இன்னிக்கு ஒருநாள் போய்த் தொலையேன்,” என்று கணக்கு வாத்தியார் மோடத்தைத் திட்டினார். அப்புறம் பயந்துபோய்த் தடவியும் கொடுத்தார். அவர் அவசரம் அவருக்கு. மாடியில் கிடக்கும் மனைவியின் ஸ்கேன் படங்கள் இன்று ராத்திரிக்குள் வெளிநாட்டில் இருக்கும் மகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே பெரிய டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்னால் இவளுக்குச் சிகிச்சை. இல்லாவிட்டால் அங்கே ஆஸ்பத்திரியில் அவளுக்கென்று வைத்திருக்கும் இடம் வேறு யாருக்காவது போய்விடும்.

வாதம் வந்ததிலிருந்து அவளுக்குப் பேச்சும் இல்லை, கைகால் அசைவும் இல்லை. கண் மட்டும்தான். ஒரு தடவை மூடித் திறந்தால் ‘ஆமாம்’, இரண்டு தடவை என்றால் ‘இல்லை’. இந்த இரண்டே வார்த்தையை வைத்துக்கொண்டு இருவரும் குடும்பம் நடத்தினார்கள். நன்றாகச் சண்டைகூடப் போட்டார்கள்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவர் கீழே இருந்த போனை எடுத்து, காலையில் மோடத்தைப் பார்த்துவிட்டுப் போன மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

“மோடம் ஸ்பீக்கரைச் சத்தமா வச்சேனே சார், ஏதாவது கேட்டுச்சா?”

“டொக்குன்னு ஒரு சத்தம். உடனே கட்டாயிடுது.”

“அட, அவ்வளவுதானா! அதே லைன்ல வீட்டுல இன்னொரு போன் இருக்கா? அதை யாரோ எடுக்கறாங்க சார். எடுத்தா நெட் போயிடும்.”

“மாடியில இருக்கு. ஆனா அங்க அவ மட்டும்தான்பா இருக்கா.”

“எதுக்கும் அந்த ஒயரைப் பிடுங்கிட்டு ட்ரை பண்ணுங்க. சரியாகலைன்னா மழை விட்டதும் நானே வரேன்,” என்றார் மெக்கானிக்.

படியேறும்போது வாத்தியாருக்குப் பயமே இல்லை. ஆசைதான் இருந்தது. ஒருவேளை அவள் கை அசைந்திருந்தால்? கட்டிலோரம் இருக்கும் போன்தானே, எட்டி எடுத்திருந்தால்? கடவுளே, அப்படி இருக்கட்டும் என்று வாய்விட்டே சொன்னார்.

அறையில் அவருடைய சவர சோப்பு வாசனை அடித்தது. அவர் காலையில் சவரமே செய்யவில்லை. அவர் ஜன்னலோரம் விட்டுப் போன நாற்காலி, கட்டிலை ஒட்டிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தார். இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி சூடாக இருந்தது. தினமும் சாயங்காலம் அவர்தான் அவளுக்குத் தலை வாரிவிடுவார். இன்று இந்த மோடத்தோடு மல்லுக்கட்டியதில் அந்த ஞாபகமே இல்லை. ஆனால் அவள் தலையில் வலப்பக்கம் மட்டும் படிய வாரியிருந்தது.

“ஏம்மா, போனை நீயா எடுத்தே?”

இரண்டு தடவை.

“அப்ப யாராவது வந்தாங்களா?”

ஒரு தடவை. கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள்.

“போயிட்டாங்களா?”

இரண்டு தடவை.

வாத்தியார் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். அலமாரியைத் திறந்தார். குளியலறைக் கதவைக் காலால் தள்ளினார். யாரும் இல்லை. அவர் போன இடமெல்லாம் அவள் பார்வை கூடவே வந்தது. “எங்கேம்மா?” என்று கேட்டார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் சட்டென்று திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

ஒயரைப் பிடுங்கிப் போனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். “ரெண்டே நிமிஷம்மா. படத்தை அனுப்பிட்டு, மெக்கானிக்கையும் கையோட வரச்சொல்லிட்டு வந்துடறேன்,” என்றார். அறைக்கதவை வெளியே தாழ்ப்பாள் போட்டார். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் போட்டார்.

கீழே மோடம் எண்களைச் சுழற்றி, கீச்சிட்டு, கனைத்து, ஒருவழியாக இரைய ஆரம்பித்தது. பாதி படம் போனது. முக்கால் படம் போனது. போய்விடும். போய்விடும்...

டொக்.

பிடுங்கிய போன் அவர் கண்ணெதிரே மேஜையில் இருந்தது. அதன் ஒயர் மேஜையிலிருந்து தொங்கியது.

மெக்கானிக்குக்குப் போன் போட்டார். “உடனே வாப்பா! மழையைப் பார்க்காதே!”

“என்ன சார் விளையாடறீங்க? இப்பதானே கூப்பிட்டு, எல்லாம் சரியாயிடுச்சு, வர வேணாம்னு சொன்னீங்க.”

“நான் கூப்பிடவே இல்லையே!”

“உங்க குரல்தானே சார். அம்மாவுக்குத் தலை வாரிட்டிருக்கேன், பாதியில நிக்குது, தொந்தரவு பண்ணாதேன்னு...”

லைன் செத்துப்போனது.

அணைந்து கிடந்த மோடத்தில் கரகரவென்று ஏதோ கேட்டது. பிறகு ஒரு குரல். பொறுமையான குரல். அவருடைய குரல்.

“நான்தாம்மா. உன் தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பறேன். வலிக்குதா?”

வாத்தியார் ஓடினார். படியில் தடுக்கி விழுந்தார். எழுந்தார். முழங்கால் எரிந்தது. சோப்பு வாசனை படிக்கட்டு வரைக்கும் வந்திருந்தது. தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. இழுத்தார். திறந்தார்.

நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முதுகுதான் தெரிந்தது. அவருடைய நீலச் சட்டை. அவருடைய வழுக்கை. கையில் சீப்பு. அவன் திரும்பவில்லை. அவசரமில்லாமல் இடப்பக்கத்து முடியை வாரிக்கொண்டிருந்தான்.

அவன் தோளுக்கு மேலே அவள் கண்கள் வாசலைப் பார்த்தன. வாசலில் நிற்கிற அவரை. அப்படி ஒரு பயத்தை அவள் கண்ணில் அவர் பார்த்ததே இல்லை.

“பயப்படாதேம்மா. நான்... நான் வந்துட்டேன். என்னைத் தெரியுதில்ல?”

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

அப்பாடா என்று அவர் ஒரு மூச்சு விட்டார்.

அவள் மறுபடியும் மூடித் திறந்தாள்.