ஆயில் மூடியில் படிந்த வெள்ளை

"சார், என் பொழப்பே போயிடும் போலிருக்கு" என்றபடி வாகனப் பரிசோதகரின் அறைக்குள் வந்தார் மெக்கானிக். மூன்று மாதம் முன்பு அவர் வேலை பார்த்துக் கொடுத்த காரில் இப்போது ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறதாம். "தண்ணியை ஆயில் பக்கம் விடாம அடைக்கிற கேஸ்கெட்டை நான் ஒழுங்கா மாட்டலைன்னு, கார்க்காரர், அந்தத் தொழிற்சாலை மேலாளர், ஊரெல்லாம் சொல்றார்."

பரிசோதகர் அந்த வேலைக்கான பழைய பில்லை வாங்கிப் படித்து, மடித்து வைத்துக்கொண்டார். உதவியாளரான அவர் தங்கை அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள். மூவரும் மேலாளர் வீட்டுக்குப் போனார்கள்.

காரின் ஆயில் மூடியைத் திறந்தால், அடியில் பாலாடை போல வெளுத்த பசை.

"பாத்தீங்களா? நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற தொழிற்சாலைக்கு தினமும் இதுலதான் போறேன்" என்றார் மேலாளர்.

"அண்ணா, கேஸ்கெட்டேதான்!" தங்கை கிசுகிசுத்தாள்.

"அவசரப்படாதே. ரேடியேட்டரைப் பார்."

"கழுத்து வரைக்கும் தண்ணி இருக்கு."

"நடுவுல ஊத்தினீங்களா?"

"ஒரு சொட்டுகூட இல்லை" என்றார் மேலாளர்.

"அப்ப தண்ணி அங்கேயிருந்து வரலை. பெட்ரோல் எரியும்போதே நீராவி உண்டாகும். தூரமா ஓட்டினா ஆயில் சூடாகி அந்த ஈரம் வெளியேறிடும். சூடாகுறதுக்குள்ள நிறுத்திட்டே இருந்தா, உள்ளேயே தங்கி ஆயிலோட கலந்துடும்."

"இவர்தான் தினமும் எண்பது கிலோமீட்டர் ஓட்டுறாரே!" என்றாள் பக்கத்தில் நின்ற மேலாளரின் மனைவி.

பரிசோதகர் காருக்குள் குனிந்து மீட்டரைப் பார்த்தார். "அம்மா, குடிக்கத் தண்ணி கிடைக்குமா?"

அவள் உள்ளே போனதும் பில்லை நீட்டினார். "இதுல 41,200 கிலோமீட்டர்னு எழுதியிருக்கு. இப்ப மீட்டர்ல 41,350. ஒரு நாளைக்கு ரெண்டு கிலோமீட்டர்தான் வருது, சார்."

மேலாளரின் முகம் சுருங்கியது. "பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான் கார். அங்கேயிருந்து பஸ். மூணு மாசம் முன்னாடி நெடுஞ்சாலையில ஒருநாள் லாரி உரசிட்டுப் போச்சு. எனக்குக் கீறல்கூட இல்லை. ஆனா அந்த ரோட்டுல ஓட்டவே பயமா இருக்கு. இவகிட்ட எப்படிச் சொல்றது?"

மனைவி டம்ளரோடு வாசலிலேயே நின்றிருந்தாள். "மூணு மாசமா தனியாவா பயந்துட்டிருந்தீங்க?" என்றாள்.

மேலாளர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். "உங்க பேரைக் கெடுத்துட்டேன். யார் யார்கிட்ட சொன்னேனோ, அவங்க எல்லார்கிட்டயும் நானே போய் சொல்றேன்."

வரும்போது இருந்த கோபம் மெக்கானிக்கிடம் இப்போது இல்லை. "சொல்லுங்க சார். அப்புறம் ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன்."

"லாரி வந்தா?"

"வழி விடுவோம். நமக்கென்ன அவசரம்?"