நாலாம் மாடியின் நடுச்சுவர்

"இந்தச் சுவர் வேணுமா, எடுத்துடலாமாடி?"

அக்கா அப்படிக் கேட்டபோது நான் அளவு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பதாவதோடு படிப்பை விட்ட என்னிடம் யாரும் எதற்கும் யோசனை கேட்டதில்லை. அலுவலகங்களின் உள்புறத்தை வடிவமைப்பது அக்காவின் தொழில். அவள் தனியாக எடுத்த முதல் வேலை இது. நாலாம் மாடி, நாற்பத்தெட்டுப் பேர், தடுப்பே இல்லாத ஒரே கூடமாக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நடுவில் இந்தச் சுண்ணாம்புச் சுவர் மட்டும் குறுக்கே நின்றது.

அதில் ஆள் உயரத்துக்கு ஒரு கறை. ஒரு தலை, இரண்டு தோள்கள்.

"யாரோ வருஷக்கணக்கா சாஞ்சு சாஞ்சு எண்ணெய் இறங்கியிருக்கு. எத்தனை தடவை வெள்ளையடிச்சாலும் மேல வந்துடுதாம்," என்றார் மேஸ்திரி. "அது பாட்டுக்கு இருக்கட்டுமேம்மா."

"பாரம் தாங்குற சுவரா இருந்தா சொல்லுங்க மேஸ்திரி, விட்டுடறேன். பேயா இருந்தா அதுக்கும் ஒரு நாற்காலி போட்டுடலாம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கே போனாலும் சுவரோரமாக ஒதுங்குகிறவள் நான். முந்தின நாள் மதியம் அந்தக் கறையில்தான் முதுகைச் சாய்த்திருந்தேன். சுவர் உடம்புபோலக் கதகதவென்று இருந்தது. பிறகு, பஸ்ஸில் பக்கத்து ஆள் ஒதுங்கிக்கொள்வதுபோல, ஏதோ ஒன்று மெல்ல நகர்ந்து எனக்கு இடம் விட்டது.

அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

எடுத்துடலாம் என்று தலையாட்டினேன்.

இரண்டே நாளில் சுவர் போயிற்று. மேசைகள் வருமுன் அவற்றின் இடங்களைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்தோம். அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போய் ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்து பார்த்தாள். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறதா, யார் முதுகு யாருக்குத் தெரிகிறது என்று. பட்டப்பகல். கூடத்தில் நாங்கள் இருவர்தான்.

சுவர் இருந்த இடத்துக்கு வந்தாள்.

"முதுகுல சாயாதடி. கனக்குது."

நான் கடைசி ஜன்னலருகே டேப் கிழித்துக்கொண்டிருந்தேன்.

ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது.

அவள் பின்னால் யாருமில்லை. ஆனாலும் அக்காவின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வளைந்தன.

"அக்கா," என்றேன். உதடு மட்டும் அசைந்தது.

அன்று முதல் அக்காவால் எந்தச் சுவரிலும் சாய முடியவில்லை. சாயப் பார்ப்பாள். முதுகுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி அப்படியே நிற்கும். குப்புறப் படுத்துத்தான் தூங்குகிறாள்.

"அன்னைக்கு ஏதாவது பாத்தியா? மறைக்காம சொல்லு," என்று நேற்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

தெரிந்தே எடுக்கச் சொன்னேன் என்று எப்படிச் சொல்வேன்? இல்லையென்று தலையாட்டினேன்.

இன்று அந்த அலுவலகத்தின் திறப்பு. நான் தேய்த்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். செருப்பு மாட்டக் குனிந்தபோது பார்த்தேன். பின்னந்தலை முடியில் சுண்ணாம்பு. சட்டையில் இரண்டு தோள்களின் வெள்ளை அச்சு.

தட்டிவிடக் கையை நீட்டினேன்.

சட்டைக்கு ஒரு சாண் முன்பே விரல்கள் எதிலோ பட்டு நின்றன. கதகதவென்று இருந்தது.

அது மெல்ல நகர்ந்து, எனக்கு இடம் விட்டது.

அக்கா திரும்பி என் முகத்தையே பார்த்தாள். நான் வாயைத் திறப்பேனா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, கூனியபடியே படியிறங்கிப் போனாள்.