பட்டியலில் ஒரு விருந்தாளி

அலைப்பெட்டி மூன்றாவது முறையாகவும் அதையேதான் சொன்னது: 'சென்னியப்பன், நீங்கள் விருந்தாளி. இன்றைய பத்து நிமிடம் முடிந்துவிட்டது.'

சென்னியப்பனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சொந்த வீட்டில் விருந்தாளியா? கைபேசிப் பெருங்கோபுரங்களைக் கழற்றி எடைக்குப் போட்ட பிறகு ஈரோட்டில் வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு குட்டிக் கோபுரம், இந்த அலைப்பெட்டி. அதன் பட்டியலில் பெயர் இருந்தால்தான் கைபேசிக்கு உயிர். தெருவில் எல்லாரும் தங்கள் பெட்டியை இறுகப் பூட்டியிருந்தார்கள். எட்டு மாதம் வேலையில்லாமல் கிடந்தவனுக்குப் பதினொரு மணிக்கு நேர்காணல் அழைப்பு வரவேண்டும். மணி பத்து ஐம்பத்தைந்து.

பெட்டிக்கு விதியை எழுதியதே அவன்தான். நாலு நாள் விருந்துக்கு வந்து ஆறு மாதம் தங்கிவிட்ட மச்சினன் கனகராசுவைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடத்தான் எழுதினான்: தொண்ணூறு நாள் வீட்டார் யாரோடும் போனில் பேசாதவர் விருந்தாளி. கனகராசுவோ அலுவலகத்திலிருக்கும் அக்காவைத் தினமும் போனில் கூப்பிட்டு என்ன குழம்பு வைப்பது என்று கேட்பவன். அவன் குடும்பமாகிவிட்டான். அறைக்குள்ளேயே கிடந்த சென்னியப்பன் யாரைக் கூப்பிட்டான்?

"ஏனுங்க மச்சான், மறுபடி சேர்றதுக்கு வழியே இல்லீங்களா?" என்றான் கனகராசு.

இருந்தது. பெட்டி மனைவி பூங்கோதை பெயரில் இருந்தது. அவளோடு போனில் மூன்று நிமிடம் பேசவேண்டும். மௌனம் கணக்கில் சேராது. மச்சினன் ஏமாற்றிவிடக் கூடாதென்று அவனே போட்ட பூட்டு.

கனகராசு தன் போனில் அக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தான்.

"சாப்பிட்டயா?"

"சாப்பிட்டனுங்க. என்னாச்சு, நீங்க கூப்புடறீங்க?"

"ஒன்னுமில்ல."

பெட்டியின் திரையில் இருபது வினாடி ஓடி நின்றது. வேலை போன நாளிலிருந்து வெட்கத்தில் அவளோடு பேச்சே குறைந்திருந்தது. கட்டினவளிடம் பேச ஒரு சங்கதி கிடைக்கவில்லையே என்று தவித்தான்.

"பல்லு புடுங்குனதக் கேளுங்க மச்சான்," கனகராசு காதருகே சொன்னான்.

"பல்லு புடுங்குனயா? எப்ப?"

"போன மாசம். மூணு நாள் உங்க எதுருலதான கஞ்சி குடிச்சேன்?"

அவள் தனியாகப் போனது, ஊசிக்குப் பயந்தது, கன்னம் வீங்கியது எல்லாம் சொன்னாள். அவன் குழம்பிக் குழம்பிக் கேட்டான். இத்தனையும் அவன் இருந்த வீட்டில்தான் நடந்திருக்கிறது.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. உடனே மேசையில் அவன் கைபேசி அடித்தது: பதினொரு மணி அழைப்பு. கனகராசு அதை எடுத்து நீட்டினான்.

சென்னியப்பன் இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எந்தப் பக்கத்துப் பல்லு?" என்று கேட்டான்.