ரிலீஸ் சொல்ல ஆளில்லை

சாலையோரத்தில் மூன்று சிலைகள் நின்றன.

அம்சவள்ளி சைக்கிளை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கு முன்பு, மிளகாய் அரைக்க மில்லுக்கு இதே வழியாகத்தான் போனாள். அப்போது இங்கே சிலை எதுவும் இல்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை. மூன்று சிலைகளும் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒரு சிலை கையை உயரத் தூக்கியிருந்தது. இன்னொன்று வாயைத் திறந்தபடி இருந்தது. மூன்றாவது சிலை மிகவும் சின்னது. அது மட்டும் சற்றுத் தள்ளி நின்று, சாலையின் கோடியை விரலால் சுட்டிக்காட்டியது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெல்லக் கிட்டே போனாள்.

சின்னச் சிலையின் கண்கள் அவள் பக்கம் உருண்டன.

அம்சவள்ளி சைக்கிள் கைப்பிடியை இறுகப் பிடித்தாள். ஓடிவிடலாமா என்று நினைத்தாள். கால்கள் வரவில்லை. அப்போதுதான் சிலையின் கன்னங்களைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தாடை வரை இரண்டு கோடுகள். கண்ணீர் வழிந்து வெள்ளைத் தூசியைக் கரைத்த கோடுகள்.

"பிரேம்?" என்றாள்.

ஆமாம், அவளுடைய தம்பிதான். இரண்டாம் வகுப்பு படிக்கும் ஏழு வயதுத் தம்பி. மற்ற இரண்டு சிலைகள், ஆறாம் வகுப்பில் அவளோடு படிக்கும் ஹேமலதாவும் நர்மதாவும்.

அந்த ஊர் வழியாகத்தான் சுண்ணாம்புக்கல் லாரிகள் அரியலூர்ப் பக்கம் போகும். ஒரு லாரி போனால் போதும். செடி, ஆடு, ஆள் என்று ஓரத்தில் இருப்பதெல்லாம் மாவில் புரட்டி எடுத்ததுபோல் ஆகிவிடும். இவர்கள் மேல் படிந்திருந்த தூசியைப் பார்த்தால், பத்து லாரியாவது போயிருக்க வேண்டும். அத்தனை நேரமும் மூன்று பேரும் அசையாமல் நின்றிருக்கிறார்கள்.

"ஸ்டேச்சு" விளையாட்டை ஊருக்குக் கொண்டுவந்தவன் ஏழாம் வகுப்பு வீரமணி. காலாண்டு விடுமுறையில் பெரம்பலூர் அத்தை வீட்டுக்குப் போனவன், அங்கே கற்றுக்கொண்டு வந்தான். யாராவது "ஸ்டேச்சு" என்று சொன்னால் அப்படியே நிற்க வேண்டும். அசையக் கூடாது, பேசக் கூடாது. சொன்னவரே வந்து "ரிலீஸ்" சொன்னால்தான் விடுதலை.

முதல் வாரம் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஒரு காலைத் தூக்கியபடி நின்றவர்கள், வாயில் இட்லியோடு நின்றவர்கள், கொட்டாவியை முடிக்காமல் நின்றவர்கள் என்று ஒரே கூத்து.

இரண்டு மாதம் ஆகிவிட்டது. இப்போது யாரும் சிரிப்பதில்லை. ஆனால், யாரும் நிறுத்தவும் இல்லை.

நடுவில் ராஜராஜன் என்ற பையன் ரிலீஸ் வருவதற்கு முன்பே ஓடிவிட்டான். மறுநாள் காலையில் அவனுக்குக் கழுத்து திரும்பவில்லை. "தலையணை சரியில்லை, சுளுக்கு" என்று அவன் அம்மா சொன்னார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. 'உடைச்சா உடம்பு கல்லாயிடும்' என்ற பேச்சு ஒரே நாளில் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது.

"ரிலீஸ்!" என்றாள் அம்சவள்ளி.

பிரேம் அசையவில்லை. அவள் சொன்னால் செல்லாது.

எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் அறிவரசன் எட்டிப் பார்த்தார். "அம்சா, இதுங்களக் கொஞ்சம் வூட்டுக்குக் கூட்டிட்டுப் போ. அரை மணி நேரமா இப்படியே நிக்குதுங்க. கூப்புட்டேன், அதட்டினேன், ஒரு பதிலும் இல்ல."

"என்ன நடந்துச்சுண்ணே?"

"அந்த வீரமணிப் பய அவங்கம்மாவோட பெரம்பலூர் பஸ் ஏறினான். இதுங்க மூணும் வழியனுப்ப வந்துச்சுங்க. பஸ் கெளம்புற நேரத்துல நாலும் ஒண்ணா என்னமோ கத்துச்சுங்க. அவ்வளவுதான். அப்புறம் சத்தமே இல்ல."

அம்சவள்ளி தம்பியின் முன்னால் குனிந்தாள். "பேச வேண்டாம். கண்ணால காட்டு. உனக்கு ஸ்டேச்சு சொன்னது யாரு?"

பிரேமின் கண்கள் ஹேமலதா பக்கம் போயின.

ஹேமலதாவிடம் போய் அதையே கேட்டாள். அவள் கண்கள் நர்மதா பக்கம் போயின.

நர்மதாவின் கண்கள், பஸ் போன சாலையைப் பார்த்தன. தூரத்தில் இருட்டத் தொடங்கியிருந்தது.

"அப்போ வீரமணி முதல்ல உனக்கு ரிலீஸ் சொல்லணும். நீ ஹேமாவுக்குச் சொல்லணும். ஹேமா பிரேமுக்குச் சொல்லணும். அவ்வளவுதானே?" அம்சவள்ளிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. "அண்ணே, வீரமணி அம்மாவுக்கு ஒரு போன் போட்டுத் தாங்களேன்."

வீரமணியின் அம்மா பூங்காவனம்தான் எடுத்தார். பஸ் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல் அழுகிற மாதிரி இருந்தது.

"யாரு, அம்சாவா? அய்யோ, இந்தப் புள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சுடி! பஸ் கெளம்பினதுலேருந்து ஒரு கைய ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கான். இழுத்து உள்ள வச்சா உள்ளயும் நீட்டிக்கிட்டே இருக்கு. கண்டக்டர் டிக்கெட் கேக்குறான்னு நெனச்சு ரெண்டு தடவ கையில டிக்கெட்ட வச்சுட்டாரு. நாளைக்கு யார்கிட்டயாவது மந்திரிக்கணும்!"

"அவன் காதுல போன வைங்க அத்தை."

எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"வீரமணி, நர்மதாவுக்கு ரிலீஸ் சொல்லு."

மூச்சுச் சத்தம் வேகமானது. பேச்சு வரவில்லை.

அம்சவள்ளி மெல்லத் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் விரல் இன்னும் சாலையின் கோடியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

"பிரேம், வீரமணிக்கு ஸ்டேச்சு சொன்னது நீயா?"

பிரேம் கண்ணை ஒரு முறை மூடித் திறந்தான். இன்னும் இரண்டு சொட்டு வழிந்தது.

நான்கு பேர். ஒருவரை ஒருவர் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். ரிலீஸ் சொல்ல வேண்டிய நான்கு வாய்களும் பேச முடியாமல் கிடக்கின்றன. இனி யார் யாரை விடுவிப்பது?

அப்போது ஒரு லாரி வந்து நின்றது. டயருக்குக் காற்று பிடிக்க வந்த லாரி. டிரைவர் அதைச் சாலையோரத்தில் பின்பக்கமாக எடுக்கத் தொடங்கினார். வெள்ளைத் தூசிக்குள், மங்கிய வெளிச்சத்தில், வெள்ளையாக நிற்கும் ஒரு சின்னப் பையன் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

"பிரேம்! இங்க வா!"

பிரேமின் கண்கள் பெரிதாயின. கால்கள் அசையவில்லை.

"அண்ணே, லாரியை நிறுத்துங்க!" போனை அறிவரசன் கையில் திணித்துவிட்டு அம்சவள்ளி பாய்ந்தாள். தம்பியின் இடுப்பைக் கட்டித் தூக்கினாள். கட்டை மாதிரி விறைத்திருந்தான். அவனை நெஞ்சோடு சேர்த்து இழுத்துக்கொண்டு புளியமரத்தடியில் போய் விழுந்தாள். அறிவரசன் லாரியின் பக்கவாட்டில் படபடவென்று தட்ட, அது குலுங்கி நின்றது. பிரேம் நின்ற இடத்தின் மேல் இப்போது பின்சக்கரம் இருந்தது.

டிரைவர் கீழே குதித்து ஓடிவந்தார். "புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே? கூப்புட்டதும் ஓடி வரக் கூடாதா கண்ணு?"

கீழே கிடந்தபோதும் பிரேமின் விரல் நீட்டியபடியே இருந்தது. அது வானத்தைச் சுட்டிக்காட்டியது.

அம்சவள்ளிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. லாரி வந்தபோதுகூட இவன் அசையவில்லையே! அவனைத் திட்ட வாயைத் திறந்தாள். அந்தக் கண்களைப் பார்த்ததும் திட்ட முடியவில்லை. லாரிக்குப் பயந்ததைவிட, கல்லாகிப் போவதற்கு அவன் அதிகமாகப் பயந்திருக்கிறான்.

அவனைத் தூக்கி உட்கார வைத்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

"பிரேம், இப்ப நீ அசைஞ்சியா?"

அவன் கண்கள் குழம்பின.

"நீ அசையல. நான்தான் உன்னைத் தூக்கினேன். அப்போ உடைச்சது நீ இல்ல, நான்தான். சரியா? கல்லானா நான்தான் ஆகணும். ஆயிட்டுப் போறேன்."

நீட்டியிருந்த கையைப் பிடித்து மெல்ல மடியில் இறக்கி வைத்தாள். பாவாடை நுனியால் அவன் முகத்தைத் துடைத்தாள். பிறகு அறிவரசனிடமிருந்து போனை வாங்கினாள். பூங்காவனம் அத்தை இன்னும் "அலோ, அலோ" என்று கத்திக்கொண்டிருந்தார். "திரும்ப அவன் காதுல வைங்க அத்தை" என்று சொல்லி, ஸ்பீக்கரைப் போட்டு போனைத் தம்பியின் வாயருகே பிடித்தாள்.

"இப்ப உன் வாயையும் நானே அசைக்கிறேன்." இரண்டு விரலால் தம்பியின் தாடையைப் பிடித்தாள். மேலே, கீழே, மேலே, கீழே. "ரி... லீஸ்."

பிறகு அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"ழி... லீழ்."

போனில் "அப்பாடா!" என்று ஒரு அலறல் கேட்டது. "அம்மா, எனக்கு ஒண்ணும் இல்லம்மா! மந்திரிக்க வேணாம்! நர்மதா, ரிலீஸ்! ரிலீஸ்! ரிலீஸ்!"

ஒரு தடவை சொன்னாலே போதும். அவன் மூன்று தடவை சொன்னான். நர்மதா தொப்பென்று தரையில் உட்கார்ந்து, "ஹேமா, ரிலீஸ்" என்றாள். ஹேமலதா தூக்கிய கையைக் கீழே விட்டு, "பிரேம், ரிலீஸ்" என்றாள்.

பிரேம் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். இந்த முறை சத்தமாக அழுதான்.

பிறகு மூன்று பேரும் அம்சவள்ளியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளும் பார்த்தாள். விரல்களை மடக்கினாள், நீட்டினாள். வெள்ளைத் தூசி உதிர்ந்தது. கீழே தோல்தான் இருந்தது.

"உங்களுக்கு இந்த ஆட்டம் பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள்.

ஹேமலதா தரையைப் பார்த்தாள். "எனக்குப் பிடிக்காம போயி ஒரு மாசம் ஆச்சு. நர்மதாவுக்குப் பிடிக்குமேன்னுதான் வந்தேன்."

"எனக்கா?" என்றாள் நர்மதா. "உனக்குப் பிடிக்கும்னுல்ல நான் நெனச்சேன்!"

"எனக்கும் பிடிக்கலப்பா" என்றது போன்.

"டேய், நீதானடா கொண்டுவந்த!" என்றாள் ஹேமலதா.

"கொண்டுவந்தவனே வேணாம்னு சொன்னா சிரிப்பீங்களேன்னுதான்..." என்று இழுத்தான் வீரமணி.

திங்கட்கிழமை காலை அம்சவள்ளி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கொடிக்கம்பத்தில் கயிறு மோதும் ஒலி மட்டும் டக், டக் என்று கேட்டது.

மைதானம் முழுக்கப் பிள்ளைகள் நின்றார்கள். குனிந்தபடி, ஓடுகிறபடி, பையைக் கழற்றுகிறபடி. ஒருவரும் அசையவில்லை. மணி அடிக்கும் வரை தினமும் இப்படித்தான். ஒருவன் கையில் பிடித்திருந்த முறுக்கை ஒரு காகம் நிதானமாகக் கொத்தித் தின்றுகொண்டிருந்தது. அவன் கண்கள் மட்டும் காகத்தையே பார்த்தன.

அம்சவள்ளி உள்ளே காலை வைத்தாள்.

"ஸ்டேச்சு!" என்றது ஒரு குரல். வாசலருகே நின்ற எட்டாம் வகுப்பு சிந்தாமணி. உள்ளே வருகிறவர்களை நிறுத்துவது அன்று அவள் முறை.

அம்சவள்ளியின் கால் ஒரு நொடி தயங்கியது. பிரேம் அவள் கையை இறுக்கினான். அவள் நடந்தாள்.

மைதானத்தில் இருந்த எல்லாக் கண்களும் ஒன்றாகத் திரும்பி அவளைத் தொடர்ந்தன. தலைகள் திரும்பவில்லை. கண்கள் மட்டும். அவள் காலடிச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. நடுவில் போய் நின்றாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எனக்கு இந்த ஆட்டம் பிடிக்கல. முன்னாடி பிடிச்சுது, இப்ப பிடிக்கல. இன்னும் பிடிச்சிருக்கிறவங்க மட்டும் அப்படியே அசையாம நில்லுங்க."

டக், டக் என்றது கயிறு.

ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூக்கைச் சொறிந்தாள். எத்தனை நேரமாக அரித்ததோ, கண்ணை மூடிக்கொண்டு சுகமாகச் சொறிந்தாள். முறுக்குப் பையன் "போ காக்கா!" என்று கத்தினான். ராஜராஜன் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினான். ஊர் திரும்பியிருந்த வீரமணி தரையில் மல்லாந்து படுத்துக் கை கால்களை உதறினான். அப்புறம் யார் முதலில், யார் பிறகு என்று தெரியவில்லை. மைதானமே அசைந்தது. கடைசியாக நின்ற சிந்தாமணி, "எனக்கும்தான் பிடிக்கல" என்று முணுமுணுத்துவிட்டு, மரத்துப்போன காலைத் தேய்த்துக்கொண்டாள்.

இரண்டு மாதமாக அடக்கி வைத்த சத்தமெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. ஆசிரியர்கள் அறையிலிருந்து கலையரசி டீச்சர் பதறி ஓடிவந்தார்.

"என்ன இங்க நடக்குது?"

"விளையாடுறோம் டீச்சர்" என்றாள் அம்சவள்ளி.

"என்ன விளையாட்டு?"

அம்சவள்ளி ஹேமலதாவைப் பார்த்தாள். ஹேமலதா நர்மதாவைப் பார்த்தாள். நர்மதா தோளைக் குலுக்கினாள்.

"இன்னும் முடிவு பண்ணல டீச்சர்!" என்று சொல்லிவிட்டு, தம்பியின் பின்னால் ஓடினாள் அம்சவள்ளி.