ஏறுகிற வண்டிக்குத்தான் வழி

கௌசிகா பிரேக்கை மிதித்தாள். எதிரே இறங்கி வந்த வண்டியும் சட்டென்று நின்றது. இரண்டும் அம்பாசிடர். கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில், கொட்டுகிற சித்திரை மழையில், ஒன்றின் மூக்கை ஒன்று முறைத்துக்கொண்டு நின்றன...

ஏறுவது இவள். இறங்குவது அவன். மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி வழிவிட வேண்டும். காரவள்ளி அடிவாரத்தில் டீ ஆற்றுகிறவருக்குக்கூடத் தெரிந்த வழக்கம் இது. இந்த மகராசனுக்கு மட்டும் தெரியாதா?

மகராசன் குடைகூட இல்லாமல் இறங்கி வந்தான். நெடுநெடுவென்று உயரம். நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... வாய் சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிடுகிற கண்கள். நல்ல கண்கள்தான். அதற்காக வழிவிட முடியுமா? கௌசிகா கார்க் கண்ணாடியைப் பாதி மட்டும் இறக்கினாள்.

"ஏனுங்க... கொஞ்சம் பின்னால எடுத்துக்கறீங்களா? எங்க வண்டிங்க இன்னும் நாலு மேல நிக்குதுங்க."

அவள் அப்போதுதான் அவன் வண்டியின் முன்கண்ணாடியைப் பார்த்தாள். 'அம்பாசிடர் சொந்தங்கள்' என்று ஒரு ஸ்டிக்கர். அதற்குக் கீழே, பெரிய எழுத்தில், 'தரணி'.

ஓ... இவன்தானா அவன்?

கௌசிகா பேளுக்குறிச்சிக்காரி. மலையேறி அரியூர் நாட்டு மலைக்கிராமங்களில் மிளகு வாங்கி வந்து கீழே சந்தையில் விற்பது அவள் தொழில். இந்தப் பழைய அம்பாசிடர் அவள் சொந்தச் சம்பாத்தியம். ஆனாலும் சந்தைக்கு வருகிறவர்கள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் அப்பா சென்னியப்பனிடம்தான் விலை கேட்பார்கள். அவர் மகளைக் கைகாட்டுவார். அவர்கள் மறுபடியும் அவரையே கேட்பார்கள். அவளுக்கு உள்ளுக்குள் எரியும்.

அந்த எரிச்சலிலிருந்து கொஞ்சம் தப்பிக்கத்தான், மாசி மாதத்தில், ராசிபுரம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த இணையக் குழுவில் சேர்ந்தாள். அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் கூடிப் பேசுகிற இடம். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தட்டி, தன் பெயர், ஊர், வண்டி என்று ஆசையாக அறிமுகம் எழுதினாள். குழுவில் ஒரு சட்டம் உண்டு. பழைய உறுப்பினர் யாராவது நேரில் பார்த்து, வண்டி இவருடையதுதான் என்று சாட்சி சொல்ல வேண்டும். அதுவரை புதியவர்கள் 'வாசல்' என்ற பகுதியிலேயே நிற்க வேண்டும். உள்ளே நடக்கிற பேச்சு எதுவும் அவர்கள் கண்ணில் படாது. சட்டம் எல்லாருக்கும்தானே, இருக்கட்டும் என்று அவளும் நின்றாள்.

ஆனால், குழுவை நடத்துகிற தரணி எழுதிய பதில் இருக்கிறதே... 'நல்வரவு சகோதரி. கார் அப்பாவுடையது என்றால் அப்பாவையே சேரச் சொல்லுங்கள்.' கூடவே ஒரு சிரிக்கிற மஞ்சள் பொம்மை வேறு.

இங்கேயும் அப்பாதானா? 'அப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார் என்னுடையது' என்று பதில் எழுதினாள். அதற்கு ஒரு வரி மறுமொழி இல்லை. சாட்சி சொல்லவும் யாரும் வரவில்லை. இன்று அவள் மலைக்கே கூட்டமாக வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு இறங்குகிறார்கள். வாசலில் நிற்கிறவளிடம் ஒரு வார்த்தை சொன்னார்களா?

"முடியாதுங்க" என்றாள் கௌசிகா. "ஏறுற வண்டிக்குத்தாங்க வழி."

"சரிதானுங்க... ஆனா உங்களுக்குப் பின்னால ரோடு காலியாத்தான கிடக்குது? சிரமம்னா சொல்லுங்க. நானே உங்க வண்டியப் பின்னால எடுத்துத் தாரேன்."

இரத்தம் ஜிவ்வென்று தலைக்கு ஏறியது. கதவைத் திறந்து மழையில் இறங்கினாள்.

"உங்களுக்குச் சிரமம்னா சொல்லுங்க. நான் உங்க வண்டிய எடுத்துத் தாரேன்."

கோபித்துக்கொள்வான் என்று நினைத்தாள். அவன் விறுவிறுவென்று தன் வண்டிக்குப் போனான்... ஓட்டுநர் பக்கத்துக் கதவை விரியத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

"எடுங்க."

கேலியா? கண்களில் கேலி இல்லையே... கௌசிகா ஏறி உட்கார்ந்தாள். கிளட்சுக்குக் கால் எட்ட, சீட்டின் நுனிக்கு வர வேண்டியிருந்தது. ஈர வளைவில், மேட்டைப் பார்த்து, பின்னோக்கி மெதுவாக ஏற்றினாள். அவன் மழையில் கூடவே நடந்து வந்தான். 'லெப்ட்ல ஒடிங்க, ரைட்ல ஒடிங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளை என்னவோ செய்தது. அகலமான இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கியபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. அது ரிவர்ஸ் எடுத்ததால் வந்த படபடப்பு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"பிரமாதங்க" என்றான் அவன். "உங்க பேரு?"

"கௌசிகா. உங்க வாசல்ல நிக்கற ஆளு."

அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது. தடுமாறினான். இன்றைக்கே சாட்சி எழுதி உள்ளே சேர்த்துவிடுவதாகச் சொன்னான்.

"வேண்டாங்க. நீங்க பாத்துச் சொன்னாத்தான் இது என் வண்டின்னு ஆகுமா?"

கீழே நடந்து போய்த் தன் வண்டியை எடுத்து, அவனைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனாள். கண்ணாடியில் பார்த்தாள்... அது வேறு கணக்கு. மழையில் நனைந்தபடி அவன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அடுத்த முறை ராசிபுரம் போனபோது, அவன் எழுதிய சாட்சி வாசலில் கிடந்தது. பாராட்டு மழை. அதை எடுத்துவிடச் சொல்லி ஒரே வரி எழுதினாள். எடுத்துவிட்டான். பிறகு அந்தச் சட்டமே வேண்டாம் என்று குழுவுக்குள் வாதாடியிருக்கிறான்; அது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. பழைய ஆட்கள் ஒப்பவில்லை. ஒருநாள் வாசலில் அவன் பெயரிலேயே ஒரு பதிவு. 'ஒரு பெண் தன் கார் என்று சொன்னபோது, அவர் அப்பாவைக் கூப்பிட்டேன். வெட்கமாக இருக்கிறது. குழுவை நடத்தும் பொறுப்பை விட்டுவிட்டேன். இனி நானும் வாசலில்தான்.'

கௌசிகா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வாடிக்கையாகத் திட்டுகிற வார்த்தை ஒன்றும் மனதில் வரவில்லை. 'வாசல்ல மழை அடிக்குது, தள்ளி உட்காருங்க' என்று மட்டும் பதில் போட்டாள்.

அப்புறம் என்ன... கார்புரேட்டரில் ஆரம்பித்த பேச்சு, கறிக்குழம்புக்கு எவ்வளவு மிளகு என்பதில் வந்து நின்றது. அவன் ஈரோட்டுக்காரன், மஞ்சள் மண்டி வைத்திருக்கிறான், அம்மா மட்டும்தான் என்பதெல்லாம் தெரிந்தது. வேலை இல்லாத நாளிலும் அவளுக்கு ராசிபுரத்தில் வேலை இருந்தது. நேரில் வரட்டுமா என்று ஆனியில் கேட்டான். அவள் பதில் போடவில்லை. ஆசை தொண்டை வரை வந்தது. வீம்பு விடவில்லை. வந்து அப்பாவின் முன்னால் பவ்வியமாகக் கைகட்டி நின்று, அவரிடம் பெண் கேட்பான். எல்லாரையும் போல... அதைத் தாங்க முடியாது என்று தோன்றியது. மற்றவர்கள் செய்தால் எரியும். இவன் செய்தால் செத்தே போவாள்.

ஆடி கழிந்த முதல் சந்தை நாள். தூறல். கௌசிகா தராசோடு நின்றாள். நெடுநெடு உருவம் ஒன்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தது. அவள் கை எடைக்கல்லிலேயே நின்றுவிட்டது. கடை முன்னால் அப்பா உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. மிளகுங்களா?"

"இல்லீங்க. அவங்ககிட்டப் பேசோணும்."

சென்னியப்பன் ஒதுங்கி வழிவிட்டார்.

அவன் நேராக அவள் முன்னால் வந்து நின்றான். அந்தக் கண்களில் இன்று சிரிப்பே இல்லை. பயம் இருந்தது.

"எங்கம்மாவக் கூட்டிட்டு உங்க ஊட்டுக்கு வந்து பெரியவருகிட்டக் கேக்கறது அப்புறங்க. முதல்ல உங்களைக் கேக்கறேன். எனக்கு உங்களை ரொம்பப் புடிச்சிருக்குது... என்னையக் கட்டிக்கறீங்களா?"

பக்கத்துக் கடைகளில் பேரம் நின்றுபோனது. அப்பா தொண்டையைச் செருமினார். அவளுக்குக் கண் கலங்கியது. அதை அவனுக்குக் காட்டக்கூடாது என்று நிமிர்ந்து பார்த்தாள்.

"மலைக்குப் போறத நிறுத்த மாட்டேன்."

"தெரியுமுங்க."

"கார விக்கவும் மாட்டேன்."

"வித்தீங்கன்னா நான்தாங்க அழுவேன்."

தலையைக் குனிந்துகொண்டு, காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். பெண் கேட்கிற இடத்தில் அதுதான் வழக்கம். கௌசிகா தராசைக் கீழே வைத்தாள். அப்பாவுக்கும், பக்கத்துக் கடைகளுக்கும், இத்தனை நாள் அவளிடம் விலை கேட்காத மொத்தச் சந்தைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"எனக்கும் உங்களைத்தாங்க புடிச்சிருக்குது. கட்டிக்கறேன்."