இலையில் வைத்த கன்ட்ரோலர்

கேம் கன்ட்ரோலரின் இடதுபக்கக் குமிழுக்கு அடியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. தனுஜா அதை நகத்தால் நோண்டி எடுத்தாள். காய்ந்த பருக்கையாக இருந்திருந்தால் கண்டுகொண்டிருக்க மாட்டாள். தம்பியின் கருமாதி முடிந்து நான்கு நாளாகிறது, அன்றைக்குச் சிந்தியது என்று விட்டிருப்பாள். இது ஈரமாக இருந்தது. பாதி மென்று துப்பியது போல நசுங்கி, எச்சில் நூலோடு வந்தது.

சுடிதாரில் விரலைத் துடைத்தாள். ஒருமுறை போதவில்லை, மூன்று முறை துடைத்தாள். அப்புறமும் மோந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. மனுசப் பிறவிக்கே உள்ள கெட்ட பழக்கம் அது, நாறும் என்று தெரிந்தே மூக்கைக் கொண்டுபோவோம். கோழிக்குழம்பு வாடை. அதற்கும் அடியில், பல் துலக்காத வாயின் வாடை.

"அம்மா, இத யாரு எடுத்தா?"

"யாரு எடுப்பா? தம்பிதான்," என்றாள் விஜயலெட்சுமி அடுப்படியிலிருந்து. உப்புத் தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

தம்பி என்றால் தினேஸ். இருபத்திரண்டு வயது. கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தவன், பொங்கலுக்கு நமுனுகுல மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருக்கும் வரிசை வீட்டுக்கு லீவில் வந்தான். விறகு வெட்டப் போன இடத்தில் குளவிக்கூட்டைக் கலைத்துவிட்டான். கொழுந்து மலையிலிருந்து நான்கு பேர் அவனைக் கம்பளியில் தூக்கி வந்தபோது முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. கண்கள் இரண்டு கோடுகளாகிவிட்டன. உதடு பணியாரமாய் உப்பி மூக்கைத் தொட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், லொறியிலேயே போய்விட்டான். அந்த முகத்தைப் பார்த்து அழுகை வருவதற்கு முன்னால் தனக்குக் குமட்டல் வந்தது என்பதை தனுஜா இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அவன் விட்டுப்போனது ஒரு கேம் பெட்டியும் ஒரே ஒரு விளையாட்டும். ஜப்பான் கார்ட்டூன் பொம்மைகள் அடித்துக்கொள்ளும் சண்டை விளையாட்டு. பெரிய பெரிய கண்கள், முள்ளு முள்ளாய் முடி, ஆனால் அட்டையில் வெட்டி ஒட்டியது போலத் தட்டையான ஆட்கள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடுவார்கள், எகிறுவார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தபடியே நிற்பார்கள். பார்ப்பவர் பக்கம் திரும்பவே மாட்டார்கள். நெற்றியில் சிவப்புத் துணி கட்டியவன் தினேஸுடைய ஆள். இரட்டைச் சடைக்காரி தனுஜாவுடைய ஆள். அடி விழும்போதெல்லாம் கன்ட்ரோலர் கைக்குள் 'கிர்ர்' என்று அதிரும். இருவருக்கும் கை ஒழியாது என்பதால் அம்மா நடுவில் தட்டோடு உட்கார்ந்து, "ஆ காட்டு" என்று ஆளுக்கொரு உருண்டையாய் ஊட்டுவாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே இரண்டு வாயும் திறக்கும்.

அவன் போனதிலிருந்து அம்மா சாப்பிடவில்லை. வெறும் தேத்தண்ணீர். கழுத்தெலும்பு குழி விழுந்து, சட்டை தோளில் நிற்கவில்லை. அப்பா செத்து எட்டு வருஷம், இப்போது தம்பியும் இல்லை, தனுஜாவுக்கு இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு உயிர்தான். பதுளையில் துணிக்கடையில் நிற்கும்போதும் பஸ்ஸில் வரும்போதும் அவளுக்கு ஒரே கவலை. அம்மா ஒரு வாய் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

கருமாதியன்று படையல் போட்டார்கள். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது வழக்கம். அப்பாவுக்குச் சாராயமும் சுருட்டும் வைத்தார்கள். தினேஸுக்கு அம்மா கோழிக்குழம்பும் கருவாடும் வடையும் வைத்து, இலையின் ஓரத்தில், சோற்றை ஒட்டி, அவனுடைய கன்ட்ரோலரையும் வைத்தாள். குழம்பு ஓடிவந்து பொத்தான்களை நனைத்தது. பார்க்கவே சகிக்கவில்லை. ஆனால் பதினாறு நாள் பட்டினி கிடந்தவளிடம் என்ன சொல்ல முடியும்?

"சரி, ஒன் இஷ்டம் விஜயா," என்றார் மாடசாமி பெரியப்பா. "எல்லாரும் வெளிய வாங்க. கதவ சாத்துங்க. மூணு தட்டுத் தட்டிட்டுத்தான் தொறக்கணும், ஞாபகம் இருக்கட்டும். பாதிச் சாப்பாட்டுல ஆள் பாத்துட்டா, சாப்பிட வந்ததுக்கு எந்திரிச்சுப் போகத் தெரியாது."

எல்லோரும் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். ஐந்து நிமிஷம் போயிருக்கும். உள்ளே 'கிர்ர்' என்று ஒரு சத்தம். ஏதோ உருண்டது. பூனை கோழியில் வாய் வைத்துவிட்டது என்றே தனுஜா நினைத்தாள். எழுந்து ஓடிக் கதவைத் தள்ளினாள்.

தட்டவில்லை.

உள்ளே பூனை இல்லை. இலையில் பாதிச் சோறு இல்லை. மிச்சச் சோற்றில் ஐந்து விரல் இழுத்த கோடு இருந்தது. கோழி எலும்பு வெள்ளையாக உறிஞ்சப்பட்டுக் கிடந்தது. கன்ட்ரோலர் இலைமேல் அதிர்ந்து அதிர்ந்து குழம்பைத் தெறிக்கவிட்டது. யாரும் போடாத டிவி எரிந்துகொண்டிருந்தது. அதில் சிவப்புத் துணிக்காரன் தனியாக நின்றான். கதவு திறந்த சத்தத்துக்கு, வாயில் கவளத்தோடு அகப்பட்டவன் போல, மெல்ல இவள் பக்கம் திரும்பினான். ஒரு கன்னம் உப்பியிருந்தது. அவள் கத்துவதற்குள் திரை இருண்டுவிட்டது.

"தட்டினியா?" என்றார் பெரியப்பா.

"பூனைன்னு நெனச்சேன் பெரியப்பா…"

அவர் தலையில் அடித்துக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார். செத்தவர் சாப்பிட்டு முடித்த மிச்சத்தைத்தான் வீட்டார் சாப்பிட வேண்டும். முடிக்காத இலையில் யாரும் கை வைக்கவில்லை. அம்மா மட்டும் சிரித்தாள். பதினாறு நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

"புள்ள பாதியிலதான இருக்கான். முடிக்கட்டும். எடுக்காத."

அப்படியே இலை டிவிக்கு முன்னால் கிடந்தது. தை மாதக் குளிரில் சோறு ஒரு நாளாவது தாங்கும். இது அன்று மாலையே புளித்தது. இரண்டாம் நாள் மஞ்சளாக நீர்விட்டு, அடியில் விரித்திருந்த சாக்குக்குள் இறங்கியது. மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சை மயிர் மயிராக எழும்பியது. ஒரேயொரு காம்பரா, அதிலேதான் படுக்கை, அதிலேதான் அந்த நாற்றம். தலையணையில் நாறியது, சீப்பில் நாறியது. துணிக்கடையில் புடவை விரிக்கும்போது தன் கையிலிருந்தே வந்தது. தூக்கி எறியப் போனால் அம்மா இலையின் மேல் குப்புற விழுந்து மறித்தாள்.

இன்று நான்காம் நாள். ஈரப் பருக்கையைத் தூக்கியெறிந்துவிட்டு தனுஜா அடுப்படிக்குப் போனாள். ஜன்னலுக்கு வெளியே மிஸ்ட் இறங்கித் தேயிலையெல்லாம் மறைந்திருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தவளுக்கு மனசு துள்ளியது. கன்னம் கொஞ்சம் நிரம்பியிருந்தது.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்டி. வயிறு நெறைய."

தெய்வமே என்று சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தாள். காலையில் ஆக்கிய சோறு அகப்பை படாமல் இருந்தது. திரும்பினாள். அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். பல்லிடுக்கில் வெள்ளையாகப் பூஞ்சை மயிர். இடது கண்ணிமை லேசாக வீங்கி இறங்கியிருந்தது.

தனுஜா தண்ணீர்ப் பீலிக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். வெறும் வயிற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் வந்தது. எந்த வாய்க்கு ஒரு கவளம் போக வேண்டும் என்று தெய்வம் தெய்வமாக வேண்டினாளோ, அந்த வாயை இனிப் பார்க்கவே கூசியது. பெற்ற தாயை இப்படி அருவருக்கிறோமே என்று தன்மேலும் அருவருப்பு வந்தது.

மறுநாள் காலை அம்மா வாளியோடு வெளியே போன நேரம் பார்த்து, கன்ட்ரோலரைப் பிடுங்கி இரண்டு ஷொப்பிங் பையில் சுற்றி, பதுளைக்கு பஸ் ஏறினாள். மடியில் பை மூச்சு விடுவது போல லேசாக அதிர்ந்துகொண்டே வந்தது. வயர் எதிலும் செருகப்படவில்லை.

துணிக்கடைக்குப் பக்கத்துச் சந்தில் ஜஸீல் நானாவுக்குக் கேம் ரிப்பேர் செய்யும் சின்னக் கடை. தினேஸ் அவரிடம்தான் எல்லாம் திருத்துவான்.

"இத போன வருஷம் நான்தானே தெறந்து பூட்டினேன், தங்கச்சி," என்றார் அவர், புரட்டிப் பார்த்து. "இந்தா பாருங்க, ஸ்குரூ ஆணியில நான் வச்ச சிவப்புப் பெயின்ட் உடையவே இல்ல. இதுக்குப் பொறவு யாரும் கை வைக்கல்ல."

ஆணிகளைக் கழற்றினார். மூடி வரவில்லை. உள்ளிருந்து எதுவோ ஒட்டிப் பிடித்திருந்தது. கத்தியால் நெம்பினார். 'சளக்' என்று பிளந்தது.

உள்ளே சோறு. இடுக்கில்லாமல், கொழுக்கட்டைக்குப் பூரணம் அடைத்தது போல இறுக்கி அடைத்த புளித்த சோறு. அதிரும் மோட்டார் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கூடு. சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு வெள்ளைப் புழு. வெளிச்சம் பட்டதும் எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின.

ஜஸீல் நானா அதை அப்படியே வாசல் சாக்கடைக் கானுக்குள் விசிறியடித்தார். மண்ணெண்ணெய் போத்தலை எடுத்து முழங்கை வரைக்கும் ஊற்றித் தேய்த்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஊட்டுல யாரு?"

"அம்மா. தனியா."

"ஓடுங்க தங்கச்சி."

ஓடினாள். லயத்துக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் இரண்டு மணி. எல்லோரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தார்கள். மிஸ்ட் இஸ்தோப்பு வரைக்கும் ஏறி நின்றது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சத்தம் கேட்டது.

கிர்ர்ர்.

கன்ட்ரோலர் பதுளைக் கானில் கிடக்கிறது. பின் எது அதிர்கிறது? நீளமாக, இடைவிடாமல், குளவிக்கூடு தொங்கும் மரத்தடியில் நின்று கேட்பது போல. அதற்கு நடுவே இன்னொரு சத்தம். ஈரமாக. சப்புக்கொட்டி மெல்லும் சத்தம். ஒரு வாயில்லை. இரண்டு வாய்.

தனுஜாவின் கை தாழ்ப்பாளுக்குப் போய் நின்றது. அன்று தட்டாமல் திறந்தவள் அவள்தான். எழுந்துபோகத் தெரியாமல் அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மறந்ததை இப்போது செய்தால் என்ன? அவன் முடித்துவிட்டுப் போகட்டும். அம்மாவை விடட்டும். அந்த ஒரு உயிரை விட்டால் போதும்.

கையை மடக்கி ஒரு தட்டு தட்டினாள்.

சத்தம் குறையவில்லை.

இரண்டாவது தட்டு. மெல்லும் சத்தம் நின்றது.

மூன்றாவது.

எல்லாம் நின்றது. குழாயடியில் தண்ணீர் சொட்டுவது கேட்டது. தனுஜா ஐந்துவரை எண்ணினாள். பத்துவரை எண்ணினாள். கதவைத் திறந்தாள்.

இலை வழித்து நக்கியது போலக் காலியாக இருந்தது. ஓரத்தில் ஒரு கைப்பிடி மட்டும் மிச்சம். டிவிக்கு முன்னால் அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. முடிந்தது. போய்விட்டான். தனுஜாவுக்குக் கண் நிறைந்தது.

"அம்மா."

அம்மாவின் மடியில் வெறுங்கை இரண்டு. கட்டைவிரல்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. இடம். வலம். அமுக்கு. அமுக்கு.

"தட்டிட்டியாடி? நல்லது. அவன் சாப்பிட்டு முடிச்சிட்டான்," என்றாள் அம்மா. குரலுக்கு அடியில், தொண்டைக்குள், கிர்ர் என்றது. "மிச்சம் நமக்குத்தான்."

திரும்பினாள்.

கண்கள் இரண்டு கோடு. உதடு மூக்கைத் தொட்டது.

அவள் தோளுக்குப் பின்னால் திரை எரிந்தது. சிவப்புத் துணிக்காரன் நேராகப் பார்த்தபடி நின்றான். அதே முகம். அதே கோடு. அதே உதடு. எதிரே சடைக்காரி, பக்கவாட்டில், அசையாமல்.

அம்மா இலையிலிருந்த கைப்பிடியை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். சின்ன வயசில் உருட்டியது போலவே, பதமாக, விரல் நுனியில் அழுத்தி. உருண்டைக்குள் வெள்ளைத் தலைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தன. மணிக்கட்டு வழியாக மஞ்சள் நீர் வழிந்தது. கை நீண்டு வந்தது.

ஓட வேண்டும். கால் வரவில்லை. நாற்றம். மூக்கில். நாக்கில்.

"ஆ காட்டு."

திரையில் சடைக்காரி மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள். பெரிய கண்கள். இன்னும் வீங்காத முகம். அவள் வாய் அகலத் திறந்திருந்தது.

தன் வாய் எப்போது திறந்தது என்று தனுஜாவுக்குத் தெரியவில்லை.